நடுவிலிருந்து ஒரு பீஸ்

செல்லாத்தாள் அக்கா தன் மகள் கவிப்பிரியாவின் புத்தகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். எதையும் அப்படித்தான். ரேஷன் கடைத் துவரம்பருப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, மகளின் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் எல்லாமே வெளிச்சத்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவர் விரலைத் தாண்டிப் போகாது. சட்டைக் கழுத்தில் இருக்கும் எஸ், எம், எல் தெரியும், எண்கள் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் மூலனூர்ப் பக்கம் முருங்கைக்காய் பறிக்கப் போனவர். "எந்த பஸ்ஸுன்னு கேக்கறதுக்கே நாலு பேரு மூஞ்சியப் பாக்கோணும். பாத்துப் பாத்து, ஆரு நெசஞ் சொல்றாங்கன்னு இப்பொ மூஞ்சியிலயே தெரிஞ்சுக்குவேனுங்க" என்று சிரிப்பார்.

நான் அக்கா குடியிருக்கும் அதே லைன் வீட்டு வரிசையில் மூன்றாவது கதவு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை இன்னும் அமையவில்லை. கவிப்பிரியாவுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆரம்பித்ததும், அதுவரை "வா அம்மிணி" என்றவர் "வாங்க அம்மிணி" என்கிறார். அந்த 'ங்க'வுக்கு நான் தகுதியானவள்தானா என்று இன்னும் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் கவிப்பிரியா குளத்தைப் பற்றிய பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தாள். நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னேன். அக்கா புத்தகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "வெரலு இந்த வரியில இருக்குது, வாயி அடுத்த வரிக்குப் போயிருச்சுங்களே" என்றார். "கட்டுல மேல இருக்கற பீஸு எப்பவும் நல்லாத்தானுங்க இருக்கும். நடுவுல இருந்து ஒண்ணு உருவிப் பாக்கோணும்."

பக்கத்தின் நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். கவிப்பிரியா மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். முழுப் பாடமும் மனப்பாடம். எழுத்தே தெரியாதவர் கண்டுபிடித்தது என் கண்ணில் படவில்லை. என் பட்டத்தையும் யாராவது நடுவிலிருந்து உருவிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டு அம்பு ஸ்டிக்கர் கொஞ்சம் வாங்கி வந்தார். துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, மிளகளவு சிவப்பு அம்பு, அதுதான். மகளை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படிக்கச் சொல்லி, அவள் திணறிய சொல்லுக்கெல்லாம் ஒன்று ஒட்டினார். ஒரே பக்கத்தில் பதினேழு.

அதற்கடுத்த நாள் புத்தகம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. திங்கட்கிழமை டீச்சர் ஒவ்வொருவரையாக எழுப்பிப் படிக்கச் சொல்லப் போகிறார். கவிப்பிரியா இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். ஏன் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டோம்.

"நான் ரிஜெக்ட் பீஸாம்மா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ரிஜெக்டுக்கு ஆரும் அம்பு ஒட்ட மாட்டாங்க கண்ணு. அதத் தூக்கி ஒரு பக்கம் போட்டுருவாங்க. டெய்லரு பிரிச்சுத் தைச்சா சரியாப் போற எடத்துக்குத்தான் அம்பு."

ஞாயிறு மத்தியானம் மூவரும் உட்கார்ந்தோம். எழுத்துக்கூட்டிச் சரியாகப் படித்துவிட்டால் அந்த அம்பை எடுத்துவிடலாம் என்று பேச்சு. படித்தது சரியா என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்ததும் நகத்தால் அம்பை உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். பதினாறு அம்புகள் அப்படிக் கைக்கு மாறின. கவிப்பிரியா அவற்றை எண்ணிச் சிரித்தாள்.

கடைசிச் சொல் நீளமானது. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினாள். பிள்ளை களைத்துவிட்டாள், போகட்டும் என்று தலையசைத்தேன்.

அம்பை நோக்கிப் போன நகம் பாதியில் நின்றது. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.