பிள்ளைப்பாக்கத்துச் சோப்பு

வீட்டில் செய்த பொருளை விற்கப் போகிறவளிடம் வாங்க வருகிறவர்களைவிட புத்தி சொல்ல வருகிறவர்கள்தான் அதிகம். ஊறுகாயோ மெழுகுவத்தியோ விற்று நொந்துபோன அக்கா தங்கைகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூற்று ஒன்றில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். ரெண்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஒரு பத்திரிகையில் வந்த செய்முறையை நம்பி, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தேங்காயெண்ணெய்ச் சோப்பு செய்ய ஆரம்பித்தேன்.

வெந்த கை

அந்தச் செய்முறையை எழுதின புண்ணியவான், காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான் ஊற்றினேன். பொங்கித் தெறித்து வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோனது.

கட்டுப் போட்ட கையோடு வாலாஜாபாத் சந்தையில் உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி சோப்பை மோந்து பார்த்தாள், பிடித்திருந்தது. அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

"செஞ்ச கையே இப்டி வெந்து கீது, இத்த என் கொயந்தைக்குப் போடச் சொல்றியா?"

நாத்தனார்

உறவுக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் நாத்தனார் வரும்போதெல்லாம் பை நிறைய அள்ளிக்கொண்டு போவாள். அவள் தெருவே என் சோப்பில்தான் குளித்தது. "அடுத்த தடவை காசு குடுத்துட்டு எடுத்துக்கோம்மா" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எடுத்ததையெல்லாம் திரும்பக் கொட்டினாள்.

"காசு குடுத்து வாங்கறதுன்னா நான் இன்னாத்துக்கு அண்ணி இந்த சோப்ப வாங்கப் போறேன்?"

ஆம்பளை வரணும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், ஆட்கள் கிரீஸ் கை கழுவச் சோப்பு தேவைப்பட்டது. மாதிரி கொண்டுபோனேன். சாமான் வாங்குகிற அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்" என்றார். மாதிரிகளை அள்ளிக்கொண்டு திரும்பினேன். ஆனாலும் ஆர்டர் வேண்டுமே, மறுநாள் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவருக்கு நாற்காலி கிடைத்தது. நான் சுவரோரம் நின்றேன். என்ன எண்ணெய், எத்தனை நாள் காயவைக்கணும், கை அரிக்குமா என்று கேள்விமேல் கேள்வி, எல்லாம் அவரிடம். அவர் பாவம், "சார், எனக்கு சோப்பு தேச்சிக்கத்தான் தெரியும். செய்யறது அவதான், அவளக் கேளுங்க" என்றார்.

அதிகாரி கோபமாக ஃபைலை மூடினார்: "அப்ப நீ எதுக்குய்யா வந்த?"

பெங்களூர்

கடைசியில் என் சோப்பு ஓடியது ஒரே ஒரு கடையில்தான், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில். எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனால், என் பேர் போட்ட தாளைக் காணோம். பளபளவென்று வேறு தாள், அதில் 'பெங்களூர் ஸ்பெஷல்'. விலையும் ஒன்றரை மடங்கு. கேட்டேன். கடைக்காரருக்கு வெட்கம் என்பதே இல்லை.

"தே பாரும்மா, பிள்ளைப்பாக்கம்னு போட்டா எவன் வாங்குவான்?"

இருந்த சோப்பு அத்தனையையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன்?

நான் சொல்லவேண்டி வரவில்லை. அந்தக் கடையில் வாங்கிப் பழகின ஒரு அம்மா, அந்தச் சோப்பு எங்கே போச்சு என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். தொழில் நிலைத்தது அப்படித்தான். ஆனால் அந்த அம்மா முதல்நாள் வாசலில் நின்று சொன்னதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பெங்களூர் சோப்புன்னுதான் அந்த வெல குடுத்தேன். இங்கியே செய்யறதுன்னா கொறச்சிக் குடு."

நான் குறைக்கவில்லை: எண்ணெய் இருந்தால் சோப்பு செய்துவிடலாம், அதை விற்கத்தான் கொஞ்சம் கொழுப்பு வேண்டியிருக்கிறது.