குற்று மறைந்த திரை

சண்முகலிங்கம் உதிரிகளைச் சேர்த்து ஒரு கணினியைப் பூட்டி முடித்ததும் முதல் வேலையாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறப்பார். அதில் மிகச் சிறிய எழுத்தில் தமிழில் நாலு வரி அடிப்பார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி இருந்து, மெய்யெழுத்துகளின் தலைப்புள்ளியான குற்று நிற்கிறதா என்று பார்ப்பார். குற்று கரைந்து எழுத்தோடு ஒட்டியிருந்தால் அவருக்குப் பொறுக்காது. பெட்டியைத் திறந்து, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் காட்டைக் கழற்றி வேறொன்றைப் போடுவார். மலிவான காட்டுகளில், கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னச் சாமான்கள் தரங்குறைந்தவை, படம் அங்கேயே மங்கிவிடும் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். திரை நொடிக்கு எண்பத்தைந்து தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். அறுபதில் விட்டால் படம் துடிக்கும், பார்ப்பவரின் தலை இடிக்கும்.

சுழிபுரத்திலிருந்து தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டில் வெள்ளவத்தையில், ஒரு புடவைக்கடையின் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். வயது முப்பத்தாறு. "லிங்கம் பூட்டினால் கண் நோகாது" என்று ஹெவ்லொக் டவுன் வரைக்கும் பேர் இருந்தது. அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம் ஆனி மாதம், கொட்டாஞ்சேனையில் பீற்றர் என்பவருடைய அச்சகத்துக்கு ஒரு புதுக் கணினி பூட்டும் வேலை கிடைத்தது. கலியாண அழைப்பிதழ், நினைவு அட்டை, பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்கிற சின்ன அச்சகம். கடதாசித் தூசி அதிகமென்பதால் கணினிப் பெட்டியை மூலையிலிருந்த மூடு தட்டில் வைக்க வேண்டும், மொனிட்டர் ஜன்னலோரத்து மேசைக்கு வரவேண்டும். இடையில் நாலு பாகம், இருபத்துநாலு அடி தூரம். அவ்வளவு நீளத்துக்குப் படம் கெடாமல் போக நல்ல கேபிள் வேண்டும். லிங்கம் விரல் தடிப்பில் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனி உறை போட்டது. இரண்டு முனைகளிலும், மின் இரைச்சலைத் தடுக்க, பாக்கு அளவில் கறுப்பாக ஒவ்வொரு கட்டி இருக்கும். பெட்டியும் மொனிட்டரும் முதல் நாளே வான் வண்டியில் போய்விட்டன. கேபிளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் காலையில் பஸ் ஏறினார்.

கொள்ளுப்பிட்டிக்கு அப்பால் இருந்த சோதனைத் தடையில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அது அன்றாடம் நடப்பதுதான். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டினார். படைவீரன் ஒருவன் பைக்குள் கையை விட்டுக் கேபிளைத் தூக்கினான். கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"மே மொகக்த?" என்றான், இது என்னவென்று.

"கொம்பியூட்டர் வயர், மாத்தயா."

"மேக்க?" விரல் கட்டியின் மேலேயே நின்றது.

அது என்னவென்று தமிழில் சொல்லவே லிங்கத்துக்கு இரண்டு நிமிடம் பிடித்திருக்கும். சிங்களத்தில் அவருக்குச் சொல் வரவில்லை. கைகளால் ஏதோ காட்டினார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. வீதியோரத்தில் குந்தச் சொன்னார்கள். கேபிளை இரண்டு கையாலும் எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அப்படியே இரண்டரை மணித்தியாலம் இருந்தார். பஸ்களிலிருந்து சனங்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஹெவ்லொக் டவுனில் அவர் கணினி பூட்டிக் கொடுத்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர் நடந்து வந்தவர், அவரைக் கண்டதும் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அவர்களுடைய மேலதிகாரி ஒருவன் வந்து கத்தியால் கட்டியைப் பிளந்தான். உள்ளே கறுப்புக் கல் மாதிரி ஒரு வளையம், வேறொன்றும் இல்லை. கத்தி கேபிளையும் பாதிக்கு அறுத்துவிட்டது. அவர்கள் சிரித்தார்கள். லிங்கமும் சிரித்தார். அவர்களைவிடப் பெரிதாக, நல்ல பகிடியொன்றைக் கேட்டவர் மாதிரிச் சிரித்தார். யாரும் கேளாமலே இரண்டு தரம் மன்னிப்பும் கேட்டார். "யன்ன" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டியபோது, எழும்ப முடியாமல் கால் விறைத்துப் போயிருந்தது.

குந்தியிருந்ததை அவர் பிறகு ஒருவாறு மறந்தார். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. கண்ணாடியில் முகம் வழிக்கும்போது அது வாயில் வந்து நிற்கும்.

அன்றைக்கு வெள்ளவத்தைக்குத் திரும்பி வேறு கேபிள் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அதே வகைக் கேபிள்கள் இரண்டு அவருடைய அறைச் சுவரில் தொங்கின. ஆனால் கட்டியோடுள்ள கேபிளைக் கொண்டு அந்தத் தடையைத் திரும்பவும் கடப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. புறக்கோட்டையில் இறங்கி, நடைபாதைக் கடையொன்றில் கட்டியில்லாத மெல்லிய கேபிளொன்றை வாங்கினார். கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பூட்டினார்.

வழமைபோல நாலு வரி அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழுந்தது. குற்றுகள் கரைந்துபோயிருந்தன. அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளவில்லை. புதுப்பிப்பை எண்பத்தைந்திலிருந்து அறுபதுக்கு இறக்கினார். நிழல் சற்றுக் குறைந்தது. படம் துடிக்கத் தொடங்கியது. "சரி" என்று சொல்லிவிட்டு எழும்பினார். அடுத்த கிழமை மாற்றிவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த மேசையில் இருந்து எழுத்து அடிப்பவர் பேர்ணடெற் என்ற பெண். நாற்பத்தாறு வயது, கலியாணம் கட்டாதவர். ஈய எழுத்துக் கோர்த்த காலத்திலிருந்தே அந்த அச்சகத்தில் இருபத்து மூன்று வருடமாக இருப்பவர். ஒரு மாதம் கழித்து அவரே லிங்கத்துக்குப் போன் எடுத்தார். லிங்கம் போனார்.

"தம்பி, எழுத்துக்குப் பக்கத்துல இன்னொரு எழுத்து நிக்கிற மாதிரி இருக்கு. பின்னேரமானா தலையைத் தூக்க ஏலாம இருக்கு" என்றார் பேர்ணடெற்.

லிங்கம் குனிந்து பார்த்தார். நிழல் அங்கேதான் நின்றது.

"எனக்கு வடிவாத் தெரியுது அக்கா. கண்ணை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டினா நல்லது."

வேலை தெரிந்தவன் சொல்கிற குரலிலேயே இதைச் சொன்னார். பேர்ணடெற் அதை நம்பினார். லிங்கத்தின் பேர் அப்படி. கண் டொக்டர், அந்த வயதில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிற வாசிப்புக் கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். கண்ணாடி நிழலையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டியது.

ஆவணியில் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த நவரத்தினம் என்ற ஓய்வுபெற்ற அலுவலக எழுதுவினைஞர் தன் மனைவியின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அட்டை அடிக்கக் கொடுத்தார். மனைவியின் பேர் இரத்தினம்மா. அட்டையில் 'இரத்தினமமா' என்று விழுந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற இடத்திலும் குற்று இல்லை. பேர்ணடெற் மூன்று தரம் சரிபார்த்தவர்தான். திரையில் அவருக்குக் குற்று இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத் தெரிந்தன. அட்டைகள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுபட்ட பிறகுதான் யாரோ கண்டு சொன்னார்கள்.

பீற்றர் அவரை ஏசவில்லை. "இனி நீங்க அட்டை மடிக்கிற பக்கம் இருங்க, பேர்ணடெற். கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்க" என்றார். எழுத்து அடிக்கிற வேலையை வெளியே ஓர் இடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்.

இதையெல்லாம் லிங்கத்துக்குச் சொன்னவரும் பேர்ணடெற்தான். ஐப்பசியில், பற்றுச்சீட்டு அச்சடிக்கும் பிரிண்டர் பழுதென்று லிங்கத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பிரிண்டரைத் திறந்துகொண்டிருந்தபோது, பேர்ணடெற் பக்கத்து மேசையில் கடதாசி மடித்தபடி, அயல் வீட்டுச் சங்கதி சொல்வதுபோலச் சொன்னார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க தம்பி, கண்ணுன்னு. நான்தான் பிந்திப் போனேன். இப்ப லூசியா கோயிலுக்கு ஒவ்வொரு செவ்வாயும் போறேன். கண்ணுக்குப் பெரிய அருள் உள்ள அம்மா. மெழுகுதிரி கொளுத்தி, எழுத்து அடிக்கிற அளவுக்காவது பார்வையைத் தாங்கன்னு கேக்கிறேன்."

லிங்கத்தின் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழே குனிந்தவர், வெகுநேரம் அங்கேயே இருந்தார். இல்லாத நோய்க்காக ஒரு மனுசி நேர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நோயைக் கொடுத்தது தன்னுடைய வாய். பிரிண்டரைப் பூட்டி முடித்துவிட்டு, தேத்தண்ணியும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அடுத்த நாள் காலை சுவரில் தொங்கியவற்றில் ஒன்றை எடுத்தார். பையில் போடவில்லை. கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். தடையில் இறங்கி, கேபிளை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். படைவீரன் அடையாள அட்டையைப் பார்த்தான், கேபிளைப் பார்த்தான், கொட்டாவி விட்டுக்கொண்டு போகச் சொன்னான். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் நாலு மாதம் போனது என்பது, பிடித்து வைத்திருந்தால்கூட வந்திராத வெட்கத்தைக் கொண்டுவந்தது.

அச்சகத்தில் பீற்றர் இல்லை. லிங்கம் மெல்லிய கேபிளைக் கழற்றித் தடித்ததைப் பூட்டினார். புதுப்பிப்பை எண்பத்தைந்துக்கு ஏற்றினார். வெற்றுப் பக்கத்தில் நாலு வரி அடித்தார். குற்றுகள் ஊசி குத்தினது மாதிரி நின்றன.

"அக்கா, ஒருக்கா வந்து இதில இருங்கோ. கண்ணாடியக் கழட்டுங்கோ."

பேர்ணடெற் வந்து இருந்தார். நாலு வரியையும் சத்தமாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"உங்கட கண்ணில பிழையில்லை அக்கா. நான் போட்ட கேபிளிலதான் பிழை."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

லிங்கம் நிலத்தைப் பார்த்தார். "பூட்டின அண்டைக்கே தெரியும்."

பேர்ணடெற் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் அழுவார் என்று லிங்கம் நினைத்தார், அல்லது ஏசுவார் என்று. இரண்டும் நடக்கவில்லை.

"எனக்கிட்ட மட்டும் சொல்லி என்ன செய்ய தம்பி? முதலாளி வந்ததும் சொல்லுங்க. அந்த அட்டை வாங்கின மனுசன்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. எல்லாரும் என்னையக் குருடின்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

லிங்கம் காத்திருந்தார். பதினொரு மணிக்குப் பீற்றர் வந்தார். அச்சு ஓட்டுகிறவர்களும் கேட்கும்படி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பீற்றர் மெல்லிய கேபிளைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார்.

"மலிவு சாமானப் போட்டு எங்களை ஏமாத்திட்டீங்களா, லிங்கம்?"

ஏன் அதைப் போட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொன்னால் வீதியைச் சொல்ல வேண்டும். குந்தியிருந்ததைச் சொல்ல வேண்டும். பீற்றர் இரங்கி, "பிறகு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டால் அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டும். ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்" என்றார் லிங்கம்.

கள்ளன் என்ற பேரை எடுத்துக்கொள்வது அவருக்கு அந்த நேரத்தில் அதைவிட லேசாக இருந்தது. பேர்ணடெற் மட்டும் அவரை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கே நவரத்தினத்தின் வீட்டுக்கும் போனார். அவர் வாசலில் நின்றபடி கடைசிவரை கேட்டார். "நான் அந்த அம்மாவிலதான் கோபமா இருந்தனான். அது பிழையெண்டு அவவிட்டச் சொல்லிவிடுங்கோ" என்றார். "உம்மோட எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை." கதவைச் சாத்தினார்.

பேர்ணடெற்றுக்கு மேசை திரும்பக் கிடைத்தது. பீற்றர் அதன்பிறகு லிங்கத்தைக் கூப்பிடவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வெள்ளவத்தையில் பழைய வாடிக்கையாளர் இருந்தபடியால் பிழைப்புக்குக் குறைவில்லை. அவர் போட்ட திரைகள் முன்னைவிடத் துலக்கமாகவே இருந்தன. யாரும் புகழ்ந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அடுத்த வருடக் கடைசியில் வத்தளையிலிருந்து டோரின் என்று ஒரு பெண் மாடியேறி வந்தார். வீட்டில் ஆங்கிலமும் தமிழும் தட்டச்சு செய்து கொடுப்பவராம். நல்ல கிராஃபிக்ஸ் காட்டாகப் போட்டு ஒரு கணினி பூட்டித் தர வேண்டும் என்றார்.

"ஆர் என்னைச் சொன்னது?" என்று கேட்டார் லிங்கம்.

"பேர்ணடெற் மிஸ். உங்களை மாதிரி வேலை யாரும் செய்யமாட்டாங்கன்னு சொன்னாங்க." டோரின் தயங்கினார். பிறகு கைப்பையைத் திறந்து புதுக் கேபிளொன்றை வெளியே எடுத்தார். "ஆனா கேபிளை மட்டும் நாமளே வாங்கிக் குடுக்கணும்னு சொன்னாங்க. குறை நினைக்காதீங்க."

லிங்கம் அதை வாங்கினார். முனையைத் திருப்பி ஊசிகளைப் பார்த்தார். தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல கேபிள்" என்றார். "இதையே போடுவம்."