விரிசல் விட்ட ஸ்டியரிங்கும் என் அவசரக் கட்டைவிரலும்

நேற்று மதியம் வரைக்கும் என் வலது கட்டைவிரலை வெட்டிக் கடலில் வீசிவிடலாம் என்றுதான் இருந்தேன்!

விஷயம் இதுதான் மக்களே.

எங்கள் அம்மாவிடம் ஒரு பழைய அம்பாசடர் இருக்கிறது. விடியும் முன்பே காசிமேட்டில் மீன் எடுத்து, எர்ணாவூருக்குக் கொண்டுபோய் விற்பது அதில்தான். (வாசனை எப்படி என்று கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது, பழகிவிட்டது!)

அதன் பிளாஸ்டிக் ஸ்டியரிங் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து முழுக்க விரிசல். திருப்பும்போது விரிசல் வாயைத் திறந்து மூடும், உள்ளங்கைத் தோலைக் கவ்வும். போன மாதம் அப்படிக் கிழித்த காயம் சீழ் வைத்துவிட்டது. அம்மாவுக்குச் சுகர் வேறு.

அண்ணன் கொதித்துவிட்டான்.

"சொம்மா சொம்மா கைய கிழிச்சிகினு! ஞாயித்துக்கெழம காயலான் கடைக்காரர வரச் சொல்லிகீறேன். வண்டிய எடைக்கு தள்ளி வுடு!"

எனக்குப் பயமாகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். வண்டி போனால் அம்மா வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் சும்மா உட்காரும் அம்மாவை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் வேண்டாம்.

"ஸ்டியரிங்க நான் ரெடி பண்றேன். சரியா வந்துச்சின்னா வண்டி இங்கயே இருக்கட்டும்," என்றேன்.

"நீயா? டீ ஆற வரைக்கும் பொறுமை கெடையாது உனக்கு!"

(உண்மை. எரிகிற லிஃப்ட் பட்டனையே திரும்பத் திரும்ப அமுக்குகிற ஆள் நான்.)

வீடியோ பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ஒவ்வொரு விரிசலையும் உள்ளே இரும்புக் கம்பி தெரியும் வரை அரத்தால் ராவி அகலமாக்கினேன். (ரிப்பேர் செய்ய எடுத்ததை நாமே உடைக்கிறோமே, ஐயோ!) பிறகு எபாக்சி பேஸ்ட்டை வைத்து அடைத்தேன்.

அடுத்தது? சும்மா இருக்க வேண்டும். இறுகும் வரை தொடக்கூடாது.

தொடக்கூடாதாம்!

மாடிக்குப் போனேன், இறங்கினேன். கடலோரம் வரை நடந்து திரும்பினேன். காற்றில் இவ்வளவு ஈரம், இறுகாமலே போனால்? ஃபேன் போட்டேன். தூசி பறந்து ஒட்டுமே என்று நிறுத்தினேன். கடைசியில், ஒரே ஒரு தடவைதான், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன்.

இறுகவில்லை.

ரேகையோடு ஒரு குழி!

மறுபடி அடைத்தால் மறுபடி இறுக வேண்டும், அதற்குள் ஞாயிறு வந்துவிடும். எமரி தாளால் தேய்த்தேன். ரேகை போனது, குழி போகவில்லை. அப்படியே பிரைமர், கருப்பு பெயின்ட். (பெயின்ட் காயக் காத்திருந்தது தனி நரகம்.)

நேற்று, காயலான் கடைக்காரர் அண்ணனோடு வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்க, அம்மா வண்டியில் ஏறினாள்.

"அட, மஜாவா கீதுடி!"

தெருமுனை வரை அழகாகப் போனாள். திரும்பி, எங்கள் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தாள். தூக்கத்தில்கூட எடுப்பாள், அவ்வளவு பழகின சந்து.

டமால்! தண்ணீருக்கு வரிசையில் வைத்திருந்த குடங்கள் எல்லாம் உருண்டன.

அம்மா கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "எங்கடி என் விரிசலு?"

"அதத்தாம்மா அடைச்சேன்!"

"எல்லாத்தையும் எதுக்குடி அடைச்ச? எடது கட்டவெரலாண்ட ஒண்ணு இருக்கும். அது வெரல்ல பட்டுச்சின்னா சக்கரம் நேரா கீதுன்னு அர்த்தம். இப்ப ஒரே வழவழன்னு கீது, பகல்லயே இப்டின்னா விடிகால இருட்டுல நான் இன்னாத்த கண்டேன்?"

"அவ்ளோதான், முடிஞ்சிது. அண்ணே, வண்டிய ஏத்திக்கோங்க," என்றான் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உருண்ட குடங்களுக்கு நடுவே நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அம்மா இறங்கவில்லை. ஸ்டியரிங் வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது இன்னாடி குழி?"

"என் கட்டவெரலும்மா. இறுகறதுக்குள்ள அமுக்கிட்டேன்."

நல்ல திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா தன் கட்டைவிரலை அதில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பழைய விரிசல வுட இது சோக்கா கீது. கடிக்காது. எடந்தான் ராங்கு. கழட்டி, இது என் வெரலாண்ட வர்ற மாரி திருப்பி மாட்டு."

குடங்களை மறுபடி வரிசையாக நிறுத்திவிட்டு நட்டைக் கழற்றினேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சுற்றி, அச்சின் பற்களில் மறுபடி உட்கார வைத்து முறுக்கினேன். அம்மா ஒரே மூச்சில் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தாள். ஒரு குடம்கூட அசையவில்லை. காயலான் கடைக்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு, "வர்றேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார்!

ஒரே ஒரு சிக்கல். வண்டி நேராகப் போனாலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கிறது.

இன்று சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "யக்கா, ஸ்டியரிங்கு கோணையா கீதே!" என்றாராம்.

அம்மா சொன்னாளாம்: "என் பொண்ணு வெரலு வச்ச எடம்பா. அது நேராத்தான் கீது, நீ ரோட்டப் பாத்து போ!"