அவன் சொல்லாத பாதி

என் புருஷனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டில் மாமியார் என்னை மலடி என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சும் கிளம்பியது. ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு, “உன்கிட்ட குறை ஒண்ணும் தெரியலை. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, விந்துவைப் பார்க்கணும்” என்றார்.

“ஆம்பளைக்கு இன்னாடி டெஸ்ட்டு? மானம் போற வேலை” என்று அவன் குதித்தான்.

மானமாம்! ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும், தங்கத்தை ஒளித்து எடுத்து வருகிறானா என்று பார்க்கும் காவல்காரன் முன்னால் தினமும் துணியை அவிழ்த்து, வாயைத் திறந்து காட்டுகிறவன் அவன். அதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்வான். ஒருநாள் குழாயடியில் அவன் சிநேகிதர்களோடு நிற்கும்போது கேட்டேவிட்டேன். “திருடன்னு சந்தேகப்படறவனுக்குத் தினம் அவுத்துக் காட்றீங்க. எனக்காக ஒரு சீசால குடுத்தா மானம் பூடுமா?”

சிநேகிதர்கள் சிரித்துவிட்டார்கள். மறுவாரமே சோதனைக்குப் போனான். என்மேல் இரக்கப்பட்டு அல்ல, சிரித்தவர்களின் வாயை அடைக்க.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். விந்தில் வெள்ளையணுக்கள் அதிகமாக இருக்கின்றன. அவை உடம்பின் சிப்பாய்கள். சிப்பாய்கள் அப்படிக் கூடினால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம், அதனால் உயிரணுக்கள் கெடலாம். அதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது, மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறுபடி வாருங்கள்.

அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது பாதியைத்தான். “என் உடம்புல சிப்பாயுங்க ஜாஸ்தியாம்மா. டாக்டரம்மாவே சொல்லிச்சு.” மாமியார் உடனே மகனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் மீதியைச் சொன்னேன். “சிப்பாய் இருக்கற இடத்துல நோய் எப்டிடி வரும்? உனக்குப் பொறாமை” என்றாள். மாத்திரைகள் ஜன்னலோரம் வெயிலில் கிடந்தன. அந்த ஆண்சிங்கத்தின் தொண்டையில் மாத்திரை இறங்காதாம், சாராயம் மட்டும் இறங்குமாம்.

தை பிறந்தது, அவனுக்கு வழி பிறந்தது. வேறு பெண் வந்தாள். நான் இன்னொரு சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மலடிப் பட்டம் என்னோடேயே வந்தது. அந்த எரிச்சல் இன்றும் ஆறவில்லை.

சில வருடம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். கழுத்தில் இரண்டு தாயத்து. ரவிக்கைத் துணியை நீட்டிவிட்டுத் தயங்கி நின்றாள்.

“அக்கா, இப்ப என்னை மலடின்றாங்க. நீங்க பாத்த டாக்டரம்மா எங்க இருக்காங்க?”

“அவனைப் போகச் சொல்லும்மா.”

“அவருக்கு எல்லாம் பாத்தாச்சாமேக்கா. சிப்பாயுங்க ஜாஸ்தின்னு டாக்டரம்மாவே சொன்னாங்களாமே.”

சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவளை உட்காரச் சொல்லி, அவன் சொல்லாமல் விட்ட மறுபாதியைச் சொன்னேன்.