கரிமருந்து ஞாயிற்றுக்கிழமைகள்

துப்பாக்கி வைத்திருந்த லேடி டாக்டர் என்று திருச்சியில் சிலர் என்னை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்களாம். என்னமோ நாலு பேரைச் சுட்டுத் தள்ளியவள் மாதிரி. நான் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. சுட்டதெல்லாம் அரியமங்கலத்துக்கு அப்பால் பொட்டலில் இருந்த ஒரு மண்மேட்டையும், அதன் முன்னால் நட்டுவைத்த கள்ளிப்பெட்டிப் பலகையையும்தான். அதுவும் குறி பழகுவதற்காக என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசுவதற்கு எனக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். சின்ன வயதிலேயே கணவனை இழந்தேன். அப்பாவின் பிடிவாதத்தால் பட்டணம் போய் டாக்டருக்குப் படித்து, திரும்பி வந்து பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். புத்தூரில் சின்னதாக ஒரு வாடகை வீடு. காவிரிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்களுக்குக் குறைவில்லை. எந்த அகத்தில் பிரசவ வலி கண்டாலும் வண்டி என் வாசலில்தான் வந்து நிற்கும். “நீ வந்தால்தான் தைரியம்” என்பார்கள். குழந்தை அழுத மறு நிமிஷம் எல்லோருக்கும் என் ஞாபகம் போய்விடும். கொல்லைக் கிணற்றில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு பின்பக்கமாகவே வண்டி ஏறுவேன். பதினோராம் நாள் பெயர் வைக்கிற புண்யாகவாசனத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். கைம்பெண் அல்லவா, நல்ல காரியத்தில் நடுவே நிற்கலாமா? காரியம் ஆகிறவரை காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள். நான் கையில் வாங்கிய குழந்தைகள் அந்த வீதிகளில் ஓடி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது.

வேளை கெட்ட வேளையில் மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போக வேண்டியிருந்ததால் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் அவளுடைய பழைய ரிவால்வரை வாங்கினேன். வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி. அதற்காக என்னை முதலில் திட்டியவர் கார்டு சார்.

அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். பாலக்கரைக்காரர், வேதக்காரர், மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் மனைவி எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இறந்துபோனாள். பிழைக்க வழியில்லாத வியாதி. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவளைக் கவனித்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திறந்திருந்த அலமாரியைப் பார்த்தார்.

“என்ன டாக்டரம்மா, இப்படித் துரு புடிக்க விட்டிருக்கீங்க? ஆப்பரேஷன் கத்தியையும் இப்படித்தான் வச்சுக்குவீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் என்னைத் திட்டுகிற குரல் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவரிடமும் அதே அளவில் ஒரு ரிவால்வர் இருந்தது. அடுத்த ஞாயிறே பூசை முடிந்ததும் குதிரை வண்டியோடு வந்துவிட்டார். குருவாக வந்தார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் குறியும் என் குறி மாதிரிதான், பத்துக்கு ஏழு பலகையில் படாது.

அது யுத்த காலம். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் பர்மா பக்கம் போயிருந்தான். அவனைப் பற்றித் தகவலே இல்லை. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணப்பாறையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆளில்லாத வீட்டில் அவரும், ஆளில்லாத வீட்டில் நானும். இதை நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குண்டு ஏன் இடது பக்கமே போகிறது என்றுதான் பேசினோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிறை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

அதற்கும் வந்தது கேடு. பெரிய கடைவீதித் துப்பாக்கிக் கடையில் தோட்டா தீர்ந்துபோயிற்று. கடைக்காரர் ராவுத்தர், நல்ல மனிதர். கையை விரித்தார்.

“சீமையிலேர்ந்து கப்பல் வந்தாத்தானேம்மா சரக்கு? யுத்தம் முடியட்டும், பார்ப்போம்.”

கூட வந்திருந்த கார்டு சார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். “சரி டாக்டரம்மா. அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமையில நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்குங்க. எனக்காக நீங்களும் அலையறீங்க.”

ரெஸ்ட் எடுத்து நான் என்ன செய்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? யோசிக்காமலேயே வாயில் வந்துவிட்டது.

“சுட்ட தோட்டாக் கூடெல்லாம் பத்திரமா வெச்சிருக்கோமே சார். வெடிமருந்து வாங்கி நாமே ரொப்பிண்டா என்ன?”

ராவுத்தர் சிரித்தார். ரொப்பலாம்தான், பற்றவைக்கிற கேப்பும் குண்டுக்கு ஈயமும் தன்னிடம் இருக்கின்றன, அதற்கான கைக்கருவியும் பழையது ஒன்று கிடக்கிறது, ஆனால் மருந்துக்கும் கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்றார். அந்த ஆபீஸ் படிகளை நான் தேய்த்த தேய்ப்பில் அனுமதி கிடைத்தது. மறுபடி கடைக்குப் போனோம். ராவுத்தர் இரண்டு டப்பாக்களை மேஜைமேல் வைத்தார்.

“இது புகையில்லா மருந்து. துளி போட்டாப் போதும், புகை கிடையாது, குழாயும் சுத்தமா இருக்கும். ஆனா கோவக்கார மருந்தும்மா, அளவு தப்பினாப் பொறுக்காது. இது கரிமருந்து. கூடு நெறையப் போடணும். புகையும், நாறும், அன்னைக்கே வெந்நீர் ஊத்திக் கழுவலேன்னா இரும்பை அரிச்சிடும். ஆனா சாது. புதுசாப் பழகறவங்களுக்கு இதுதான் நான் சொல்லுவேன்.”

படித்தவளுக்குப் புதியதுதானே பிடிக்கும்? புகையில்லாததைக் காட்டி இதுவே இருக்கட்டும் என்றேன். கார்டு சாரும் தலையாட்டினார்.

மருந்தை ஆஸ்பத்திரித் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துத்தான் அளவு வைத்தோம். அதில் குற்றமில்லை. ஒவ்வொன்றாக நிறுக்க நேரமாகிறது என்று, அதே அளவு பிடிக்கிற சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றைச் செய்து அளக்க ஆரம்பித்தோம். அங்கேதான் வந்தது வினை. எங்கள் அகத்தில் அரிசியைத் தலைதட்டி அளந்தால் மகாலட்சுமி போய்விடுவாள் என்பார்கள். படிக்கு மேலே கோபுரமாக நிற்க வேண்டும். தானம் கொடுக்கிற அரிசிக்கு மேலே ஒரு பிடி வேறு. தராசு இருக்கும்வரை நான் டாக்டர். கிண்ணம் கைக்கு வந்ததும் டாக்டர் போய் ஸ்ரீரங்கத்துப் பெண் வந்துவிட்டாள். அவர் ஏதோ ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டே கோபுரம் கோபுரமாக அளந்து போட்டேன். கிண்ணமோ சுண்டுவிரல் நுனியளவு. அதன்மேல் நிற்கிற கோபுரமே கிண்ணத்தில் பாதி அளவு இருக்கும். கூட்டின் அடியில் கிடக்கிற மருந்து கொஞ்சமா கூடுதலா என்று வெளியே தெரியவும் தெரியாது.

அந்த ஞாயிறு முதல் குண்டை அவர்தான் சுட்டார். சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. கை தோளுக்கு மேலே தூக்கி அடித்தது. துப்பாக்கி கீழே விழுந்தது, அவரும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். துப்பாக்கியைத் திறந்தால் கூடு வெடித்துக் கிழிந்திருந்தது. அந்தப் பழைய இரும்பு கெட்டியாக இருந்தது எங்கள் புண்ணியம். மணிக்கட்டில் போட்ட கட்டை இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி போட்டேன். எத்தனையோ வயிறுகளை அறுத்துத் தைத்தவளுக்கு ஒரு சுளுக்குக் கட்டு நேராக வரவில்லை.

“பரவாயில்ல டாக்டரம்மா. புதுசுதானே, ரெண்டு பேருக்கும்.”

“பரவாயில்லேங்காதீங்கோ. இருக்கறது நீங்க ஒருத்தர்.”

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது அடைத்துப்போயிருந்ததால் கேட்கவில்லையோ என்னவோ.

மறுநாளே நான் தனியாகப் போய்க் கரிமருந்தை வாங்கி வந்தேன். கரிமருந்தில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. சரியான அளவு போட்டாலே கூடு வாய்வரை நிரம்பிவிடும். மேலே கோபுரம் கட்டினால் கொட்டிப்போகும், குண்டும் உட்காராது. என் கைக்கு எவ்வளவு தாராளம் இருந்தாலும் அந்த மருந்து இடம் கொடுக்காது. தன் கையை நம்ப முடியாதவள் இப்படிப்பட்ட மருந்தைத்தான் எடுக்க வேண்டும். யார் கேட்டாலும் இன்றைக்கும் இதையேதான் சொல்வேன்.

இது பாதுகாப்புக்குச் சொன்ன காரணம். இன்னொரு காரணம் பிறகுதான் கிடைத்தது.

கரிமருந்து சுட்டால் துப்பாக்கியை அன்றைக்கே கழுவ வேண்டுமே. சீமைத் தோட்டா சுட்ட நாட்களில், அவர் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு என் வாசலிலேயே விடைபெற்றுப் போய்விடுவார். இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தாக வேண்டியிருந்தது. கொல்லையில் அண்டா நிறைய வெந்நீர் போடுவேன். அவர் குழாயில் துணி விட்டு இழுப்பார், நான் ஊற்றுவேன். அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் ஓடும். ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனம் ஆகிற நேரத்தில் புத்தூரில் துப்பாக்கிக்குத் திருமஞ்சனம் என்று நான் சொன்னதற்கு, அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து, கரி படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு காப்பி சாப்பிடுவோம். மத்தியானம் ஆகிவிடும்.

அந்த வேளையில்தான் அவர் பேசினார். மனைவி கடைசியில் என்ன கேட்டாள் என்பதை, மகன் சின்னவனாக இருந்தபோது கார்டு வண்டியில் பச்சைக் கொடியை ஆட்ட அடம்பிடித்ததை. பேச்சு மகன் பட்டாளம் போன நாளுக்கு வந்தால் நின்றுவிடும். தண்ணீர் இன்னும் சூடாக வேண்டும் என்று சொல்லி நான் எழுந்து போவேன். எனக்கும் சொல்ல இருந்தது. பெயர் தெரியாத குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அது அப்போதே எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலத்தில், யுத்தம் எப்போது முடியும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

முடிந்தது. அவர் மகன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது நான்தான். கட்டிலில் படுத்திருந்தவன் கால்மாட்டில் மருமகள் உட்கார்ந்திருந்தாள், கார்டு சார் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். அவன் பிழைத்து வந்ததில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம்தான். வண்டியில் வீடு திரும்பும்போது அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, அவர் புதுத் தோட்டாப் பெட்டி ஒன்றோடு வந்தார். சீமைச் சரக்கு வர ஆரம்பித்துவிட்டது. “இனிமே அந்தக் கரி வேலை இல்ல டாக்டரம்மா. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்” என்றார். எனக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட முகம். பொட்டலுக்குப் போய்ச் சுட்டோம். புகை இல்லை, நாற்றம் இல்லை. திரும்பி வந்ததும் என் வாசலிலேயே நின்று துணியால் துடைத்தார்.

“உள்ளே வாங்கோ சார். வெந்நீர் போட்டிருக்கேன்.”

“இதுக்கு வெந்நீர் வேண்டாமேம்மா.”

“தெரியும். ஆனாலும் வாங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். முகம் ஒரு கணம் இளகிற்று. பிறகு தொப்பியைக் கையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புள்ளைங்க சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருப்பாங்க டாக்டரம்மா. போயிட்டு வரேன்” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? காத்திருக்கிறவர்களிடம் போவதுதானே நியாயம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு நானே வண்டி பிடித்து அரியமங்கலம் போனேன். கரிமருந்துத் தோட்டாக்கள் ஆறு மிச்சம் இருந்தன. சுட்டேன். புகை கண்ணை மறைத்தது. பட்டதா என்று கேட்கத் திரும்பினேன். வண்டிக்காரர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நானே நடந்துபோய்ப் பலகையைப் பார்த்தேன். ஆறும் நட்ட நடுவில் பட்டிருந்தன. அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு நன்றாகச் சுட்டதே இல்லை.