கேட்டில் கிடந்த துண்டு

எங்கள் வீட்டு வானிலை அறிக்கை வாசல் கேட்டில் தொங்கும். அது அப்பாவின் பச்சைத் துண்டு. அரிமளத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஓடும் மினி பஸ்ஸில் அப்பா டிரைவர். மத்தியானம் சாப்பிட வந்து திரும்பும்போது, அம்மாவின் முகம் சரியில்லை என்றால் துண்டைக் கேட்டில் போட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்கு அது போதும். சத்தம் போடக் கூடாது, டிவி போடக் கூடாது, பசிக்கிறது என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, அம்மாவின் பக்கத்தில் போய் நச்சரிக்கவே கூடாது. வீட்டில் இருந்ததே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை என்பதால், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களைவிட என் அம்மாவுக்கு வயது கூடுதல். ஆட்டை விரட்டினால்கூட 'போ தாயி' என்று விரட்டுகிறவள். அந்த வருஷம் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. மார்கழிக் குளிரில் நானும் அப்பாவும் போர்வைக்குள் நடுங்க, ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடித் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். தம்ளர் கீழே விழுந்ததற்கு என்னை விளாசித் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கட்டிப்பிடித்து அழுவாள். திட்டையாவது தாங்கிக்கொள்ளலாம், அந்த அழுகைதான் எனக்கு நடுக்கம். மாதவிலக்கு நிற்கிற வயதில் இப்படியெல்லாம் வரும் என்று இன்றைக்கு எந்த நர்ஸும் சொல்லிவிடுவார். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்குக் 'கிறுக்கு' என்றுதான் பேர்.

அப்பாவின் அக்கா ஒருநாள் வந்தபோது சொன்னது என் காதில் விழுந்தது. "பேசாம ஆவுடையார்கோவில்ல அவ பொறந்த வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வாடா. கொஞ்ச நாளைக்கி அங்கிட்டுக் கெடக்கட்டும்." அப்பா மறுக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு தெருமுனை திரும்பும்போதே என் கண் கேட்டைத் தேடும். துண்டு கிடக்கிற ஒவ்வொரு நாளும் அம்மா ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை துண்டு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. மிக்சி சத்தம் இல்லை, பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. திட்டு விழுமே என்று நான் பயப்படவில்லை. உள்ளே போய், அங்கே அம்மா இல்லாவிட்டால்? அப்பா தன் மினி பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தால்? எதிரே இருந்த அடிபம்பு மேடையில் உட்கார்ந்துகொண்டேன். நான் கதவைத் திறக்காதவரை அம்மா உள்ளேதான் இருக்கிறாள் என்று ஒரு கணக்கு. தெரு விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. அடிவயிறு முட்டியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அம்மாதான் கதவைத் திறந்துகொண்டு பதறி வந்தாள்.

"புள்ளயக் காணோமேன்னு நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன், நீ இங்கிட்டு ஒக்காந்திருக்க. உள்ள வர வேண்டியதுதானடி?"

"துண்டு கெடக்கும்மா," என்றேன்.

"எந்தத் துண்டு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அத்தை சொன்னது உட்பட. அம்மா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் துணி துவைத்திருக்கிறாள். கொடியில் இடமில்லாமல் துண்டைக் கேட்டில் காயப்போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஈர மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்புட்டுப் பயமாவாடி இருக்கு, என்னயப் பார்த்தா?"

நான் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அழுதேன். "நீ போயிருவியாம்மா?"

"போனா ஒன்னய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுல்ல போவேன், கழுத," என்றாள்.

அப்பாவிடம் அவள் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் அப்பா சாப்பிட வந்தபோது, கேட்டில் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்திருக்கிறது. தோளைத் தடவிப் பார்த்தாராம், அவருடையது தோளிலேயே இருந்ததாம். மனிதர் வெலவெலத்துப்போய், ரசத்துக்கு உப்பு இல்லாததைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவே துண்டைப் போட ஆரம்பித்தாள். ஆவுடையார்கோவில் பேச்சும் அப்படியே அடங்கிப்போனது.

நான் மட்டும் சட்டத்தை மீறவில்லை. துண்டைக் கண்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போவேன். கூடத்தில் அம்மா பாய் விரித்துக் கண்ணை மூடிக் கிடப்பாள். அவளைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மாவுக்குத் தொந்தரவு கொடுக்காத நல்ல பிள்ளை என்று எனக்குள் பெருமைவேறு.

ஒரே ஒரு விஷயம்தான் அப்போது விளங்கவில்லை. ஒரு நிமிஷம் காற்று இல்லாவிட்டால் தவித்துப்போகிறவள், அந்த நாட்களில் மட்டும் காற்றே வராத சுவரோரம் ஒடுங்கிப் படுத்திருப்பாள். ஃபேனுக்கு நேர் கீழே பாதிப் பாய் காலியாகக் கிடக்கும், அதில் என் தலையணையும்.