இரண்டாவது பொட்டலம்

அந்த அரிப்பும் நாற்றமும் வெள்ளைப்படுதலும் மறுபடி திரும்பியபோது மிக்கேலம்மாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாத்திரை தின்றால் போகிறது, கொஞ்ச நாளில் பழையபடி வந்து நிற்கிறது. இது என்ன கூத்து?

பொம்மிடிப் பக்கம் கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, ஸ்டேஷனில் கூடை வைத்து விற்கிறவள் அவள். கல்யாணமே வேண்டாம் என்று நின்றவள். நல்லம்பள்ளியில் புருஷனை உதறிவிட்டு வந்த செல்லம்மாளோடு ஒரே வீட்டில், ஒரே பாயில் குடித்தனம். எழுபத்து நாலாம் வருஷம் வரை ஊர் அதை 'துணைக்கு இருக்காங்க' என்றே சொல்லிவந்தது. எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு வருகிற பெண்களுக்கு நர்சம்மா, "வூட்டுக்காரருக்கும் சேத்துக் குடு" என்று இரண்டு பொட்டலம் தருவாள். மிக்கேலம்மாளுக்கு மட்டும் ஒன்று. கழுத்தில்தான் தாலி இல்லையே! செல்லம்மாளுக்கோ புருஷன் வீட்டுச் சீதனமாக அதே தொல்லை லேசாக இருந்துகொண்டே இருந்தது. பொம்பளைகளுக்கு உள்ளதுதானே என்று அவள் யாரிடமும் காட்டவில்லை.

இந்த முறை மிக்கேலம்மாள் அவளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு ரெண்டு பொட்டலம் வேணுங்க."

"புருஷன் இல்லாதவளுக்கு எதுக்குடி ரெண்டு? எவன் அவன்?" என்றாள் நர்சம்மா. வரிசையே சிரித்தது.

"போயிரலாம், வா" என்று செல்லம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். போகலாம்தான், ஆனால் நோயோடு போக வேண்டும்.

"எவனும் இல்லீங்க, இவதான். ஒண்ணாப் படுக்கறோம். ஒருத்திக்கு மட்டும் மருந்து குடுத்தா எப்பிடித் தீரும்?"

சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து டாக்டரம்மா எழுந்து வந்தார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று செல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொம்பளைகிட்டருந்து பொம்பளைக்கும் ஒட்டும்" என்றார் அவர். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆரம்பிங்க. தீர்ற வரைக்கும் தள்ளிப் படுங்க."

"அதுதாங்க கஷ்டம்" என்றாள் மிக்கேலம்மாள்.

அத்தோடு போன நோய் திரும்பவே இல்லை. செய்திதான் பரவியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் அவள் தரையில் உட்கார்ந்ததும், பக்கத்துப் பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"தள்ளி உக்காருங்கடி, ஒட்டிக்கும்" என்றாள் லூர்தம்மாள்.

மிக்கேலம்மாள் காலியான இடத்தைப் பார்த்தாள். கோயில் வாசலில் கொய்யாக் கூடையோடு காத்திருந்த செல்லம்மாளைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏ செல்லா, உள்ள வா! நமக்கு நல்லா எடம் உட்டிருக்காங்க."